அலுவலகத்தைப் பசுமையாக்கும் வேலையை மின் மீட்டரிலிருந்து தொடங்குங்கள்

கிண்டியில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மூன்றாம் தளம், எண்பது ஊழியர்கள், ஏறத்தாழ ஆறாயிரம் சதுர அடி, மாதம் சுமார் 9,000 யூனிட் மின்சாரம் என்று உங்கள் அலுவலகத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதைச் சுற்றுச்சூழலுக்கு உகந்த இடமாக மாற்றும் குழுவுக்கு உங்களைப் பொறுப்பாக்கி, மூன்று மாத அவகாசமும் இரண்டு லட்சம் ரூபாயும் தந்திருக்கிறார்கள். மரக்கன்று நடுவதா, காகிதப் பயன்பாட்டைக் குறைப்பதா, மேசைக்கொரு செடி வைப்பதா, எதிலிருந்து தொடங்குவது என்பது உங்கள் கேள்வி. கட்டடங்களின் மின்செலவைத் தணிக்கை செய்யும் வேலையில் இருபது ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த மூன்றில் எதிலிருந்தும் தொடங்க வேண்டாம். மின்கட்டண ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

காரணம் எளிமையானது. மாதம் 9,000 யூனிட் என்றால் ஆண்டுக்கு 1,08,000 யூனிட். நம் நாட்டு மின்தொகுப்பிலிருந்து வரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் சராசரியாக 0.7 கிலோ அளவில் கரியமில வாயு வெளியாகிறது என்பது மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கிலிருந்து தெரிவது. பெருக்கிப் பார்த்தால் உங்கள் தளத்தின் மின்சாரம் மட்டுமே ஆண்டுக்கு 75 டன்னைத் தாண்டுகிறது. இப்போது காகிதத்தைப் பாருங்கள். 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம்) ஏ4 தாள் ஒரு கட்டு, அதாவது 500 தாள், 2.34 கிலோ எடை. மாதம் இருபது கட்டு செலவானாலும் ஆண்டுக்கு 560 கிலோ காகிதம்தான். அதைத் தயாரிப்பதில் வெளியாகும் வாயுவைத் தாராளமாகக் கணக்கிட்டாலும் ஒன்றிரண்டு டன்னுக்கு மேல் போகாது. கரூர் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் தாளை வாங்கினால், மரக்கூழோடு கரும்புச் சக்கையையும் பெருமளவில் பயன்படுத்தித் தயாரித்த தாள் என்ற ஆறுதலும் உண்டு. மரக்கன்றின் கணக்கு இன்னும் மெலிவானது. நன்கு வளர்ந்த ஒரு மரம் ஆண்டுக்கு இருபது கிலோ அளவில் கரியமில வாயுவை உறிஞ்சும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்படியே எடுத்துக்கொண்டாலும் உங்கள் 75 டன்னை ஈடுகட்ட 3,700-க்கும் மேற்பட்ட முதிர்ந்த மரங்கள் தேவை. உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று கட்டட வாசலில் நடப்போகும் பத்துக் கன்றுகள் இந்தக் கணக்கின் ஓரத்தைக்கூடத் தொடாது. அந்த விழாவுக்கு ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் அலுவலகங்களையும் பார்த்திருக்கிறேன். பிவிசி பிளாஸ்டிக் பூசிய அந்தப் பேனர் எந்த மண்ணிலும் மக்காது.

ஆகவே முதல் வேலை, மின்சாரம் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பது. இதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. உங்கள் தளத்துக்கெனத் தனி மீட்டர் இருக்கிறதா என்று கட்டட மேலாளரிடம் கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும். ஒரு வேலைநாளில் கடைசி ஆள் வெளியேறிய பிறகு ஒரு முறையும், மறுநாள் காலை முதல் ஆள் வருவதற்கு முன் ஒரு முறையும் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் தணிக்கை செய்த ஓர் அலுவலகத்தில் இரவு பத்தரை மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடைப்பட்ட ஏழரை மணி நேரத்தில் 31 யூனிட் ஓடியிருந்தது. யாரும் இல்லாத கூடத்தில் மணிக்கு நான்கு யூனிட்டுக்கு மேல் செலவு. அந்த நிறுவனத்தார் முதலில் நம்பவில்லை; மீட்டர்தான் பழுது என்றார்கள். மறுநாள் இரவு காவலரை உடன் அழைத்துக்கொண்டு டார்ச் விளக்கோடு ஒவ்வோர் அறையாகப் போனோம். சர்வர் அறையின் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அது நியாயம். கலந்தாய்வு அறையின் ஏசியும் ஓடிக்கொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்ததால் வெளியே தெரியவில்லை. நாற்பது கணினிகளில் பாதிக்கு மேல் திரை மட்டும் அணைந்து, பெட்டி உயிரோடு இருந்தது. சுடுநீரும் குளிர்நீரும் தரும் இரண்டு தண்ணீர் இயந்திரங்கள் விடிய விடியக் கொதிக்க வைத்தும் குளிர வைத்தும் தம் கடமையைச் செய்துகொண்டிருந்தன. கழிவறையில் எக்ஸாஸ்ட் ஃபேன்.

ஒரு மாதத்தில் அலுவலகம் மூடியிருக்கும் நேரம், ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்தால், ஏறத்தாழ 430 மணி நேரம். மணிக்கு நான்கு யூனிட் வீதம் 1,700 யூனிட்டுக்கு மேல். வணிக இணைப்புக்கு யூனிட் பத்து ரூபாய் அளவில் என்று வைத்தால் மாதம் பதினேழாயிரம் ரூபாய். அதில் சர்வர் அறைக்கு உரிய பங்கைக் கழித்துவிட்டால், மீதியைத் தடுக்க அந்த அலுவலகம் செய்தது இரண்டே காரியங்கள். தண்ணீர் இயந்திரங்களுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் சில நூறு ரூபாய் விலையுள்ள டைமர் போட்டார்கள். இரவில் பூட்டும் காவலரிடம், எந்தெந்த சுவிட்சை அணைக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று சுவிட்சுகளிலேயே பச்சை, சிவப்பு ஒட்டி வைத்து, கூடவே நின்று ஒரு வாரம் பழக்கிக் கொடுத்தார்கள். 'மின்சாரத்தைச் சேமிப்போம்' என்று சுவரில் ஒட்டிய வாசகம் அதற்கு முன்பும் அங்கே இருந்தது. குழு அமைக்கும்போது மேலாளர்களை மட்டும் சேர்க்காமல், காவலரையும் எலக்ட்ரீஷியனையும் தூய்மைப் பணி செய்யும் அம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அலுவலகத்தின் சுவிட்சும் குழாயும் குப்பைக்கூடையும் உண்மையில் அவர்கள் கையில்தான் இருக்கின்றன.

அடுத்தது ஏசி. சென்னை போன்ற ஊரில் குளிர்பதனம் செய்த அலுவலகத்தின் மின்செலவில் பாதி அல்லது அதற்கும் மேல் இதற்கே போகும். ஆகையால் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்குப்படி, ஏசியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ ஆறு சதவீதம் மின்சாரம் மிச்சமாகும். 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் எல்லாம், இயக்கியவுடன் 24 டிகிரியில் நிற்கும்படி தயாரிக்கப்பட வேண்டும் என்று விதியும் வந்துவிட்டது. ஆனாலும் ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர் 18-க்கு இறக்கிவிடுகிறார். வெயிலில் வந்து உட்கார்ந்தவருக்குச் சீக்கிரம் குளிர வேண்டும் என்ற அவசரம். 18 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்ற நம்பிக்கை. பழைய வகை ஏசியில் 18 வைத்தாலும் 24 வைத்தாலும் கம்ப்ரஸர் ஒரே வேகத்தில்தான் ஓடும். குளிரும் வேகம் மாறாது, நிற்கும் இடம் மட்டுமே மாறும்.

ஓர் அலுவலகத்தில் மேற்குச் சன்னலோரம் உட்கார்ந்திருந்த மேலாளர் 18 வைத்திருந்தார். அவருக்கு முதுகில் வெயில். எதிர்மூலையில் இருந்த பெண்கள் சால்வை போர்த்திக்கொண்டு வேலை செய்தார்கள். அவர்களுடைய தலைக்கு மேல் கூரையில் பதித்திருந்த கேஸெட் ஏசியின் நான்கு வாய்களில் ஒன்றைப் பழைய தினசரிக் காலண்டர் அட்டையை வைத்து செல்லோடேப் போட்டு அடைத்திருந்தார்கள். அந்த அட்டை எனக்குப் பல பக்க அறிக்கையைவிட அதிகம் சொன்னது. இது பெண்களின் மனக்குறை என்று தள்ளிவிடக் கூடியதன்று. அலுவலகங்களுக்கான வெப்பநிலைக் கணக்குகள் 1960-களில் எழுபது கிலோ எடையுள்ள நடுத்தர வயது ஆணின் உடல் வெப்பத்தை அளவுகோலாக வைத்து வகுக்கப்பட்டவை என்றும், பெண்களின் உடல் உண்டாக்கும் வெப்பத்தை அவை மிகையாக மதிப்பிடுகின்றன என்றும் 2015-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஆய்விதழில் எழுதினார்கள். அதாவது ஒரு சாராரை நடுங்க வைப்பதற்காகவே நாம் மின்சாரம் எரித்துக்கொண்டிருக்கிறோம்.

தீர்வு, வெப்பநிலையை 26-க்கு உயர்த்திவிட்டு மின்விசிறியையும் சேர்த்து ஓட்டுவது. காற்று உடலின் மேல் ஓடினால் இரண்டு டிகிரி வரை குளிர்ந்தாற்போல் இருக்கும் என்பது நம் வீட்டுத் திண்ணையில் விசிறியோடு உட்கார்ந்த எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் ஃபால்ஸ் சீலிங் போட்ட நவீன அலுவலகங்கள் மின்விசிறியைப் பழமை என்று ஒதுக்கிவிட்டன. உங்கள் கூடத்தில் உயரம் போதாதென்றால் சுவர் விசிறி வையுங்கள். கூரை விசிறி வைக்க முடியுமென்றால் தூரிகையில்லா மோட்டார் கொண்ட பிஎல்டிசி வகையை வாங்குங்கள். பழைய விசிறி 75 வாட் எடுக்கும் இடத்தில் இது முப்பது வாட் அளவில் எடுக்கும். 22-இல் ஓடும் ஏசியை 26-க்குக் கொண்டுபோனால் ஏசியின் செலவில் ஐந்தில் ஒரு பங்காவது குறையும்; உங்கள் தளத்தில் அது மாதம் ஆயிரம் யூனிட்டை எட்டக்கூடும். ஒரே நாளில் நான்கு டிகிரி உயர்த்தினால் கலகம் வரும். வாரத்துக்கு ஒரு டிகிரி உயர்த்துங்கள். மேற்குச் சன்னலோரம் இருப்பவரின் நாற்காலியை மாற்றுங்கள், அல்லது அந்தக் கண்ணாடிக்கு வெயில் தடுக்கும் படலம் ஒட்டுங்கள். உள்ளே தொங்கும் திரைச்சீலை கண்ணைக் காக்குமே தவிர, கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெப்பத்தைப் பெரும்பாலும் வெளியே அனுப்பாது. அந்தக் காலத்துக் கட்டடங்கள் தாழ்வாரமும் வெளிச் சன்னலுக்குத் தட்டியும் வைத்ததன் நியாயம் இதுதான்.

ஏசியில் இன்னொன்று இருக்கிறது, பெரும்பாலான பசுமைக் குழுக்கள் இதைத் தொடுவதே இல்லை. 'கேஸ் கம்மியா இருக்கு சார், போடணும்' என்று ஆண்டுதோறும் மெக்கானிக் வந்து வாயு நிரப்பிவிட்டுப் போகிறார் அல்லவா? ஏசியில் உள்ள குளிர்பதன வாயு பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். ஆர்-410ஏ என்ற வாயு ஒரு கிலோ காற்றில் கலந்தால், புவியைச் சூடாக்கும் திறனில் அது இரண்டு டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம்; பழைய ஆர்-22 வாயுவும் ஒரு கிலோவுக்கு 1.8 டன் அளவில் வரும். புதிய ஏசிகளில் வரும் ஆர்-32 ஒரு கிலோவுக்கு 675 கிலோ. ஆர்-410ஏ ஓடும் ஒன்றரை டன் ஏசி ஒன்றின் வாயு முழுவதும் ஒரு முறை கசிந்து போவது, ஏறத்தாழ மூவாயிரம் யூனிட் மின்சாரத்தை எரித்ததற்கு ஒப்பானது. ஆகவே சர்வீஸ் ஒப்பந்தத்தில் 'கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் வாயு நிரப்பக் கூடாது. ஏசியைக் கழற்றும்போது வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் உருளையில் மீட்டெடுக்க வேண்டும்' என்று இரண்டு வரி எழுதிச் சேருங்கள். இரண்டு வரிக்குச் செலவு எதுவும் இல்லை. ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவுவதும், வெளிப்புற யூனிட்டுகள் மூச்சுவிட இடம் இருக்கிறதா என்று பார்ப்பதும் இதனோடு சேர்ந்தவை. கட்டட அழகுக்காகக் குறுகிய சந்துக்குள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட யூனிட்டுகள், கீழே உள்ளது கக்கும் வெந்நீர் போன்ற காற்றை மேலே உள்ளது இழுத்துக்கொண்டு திணறும்.

விளக்கு, கணினி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய சோக் வைத்த டியூப்லைட் ஒன்று சோக்கோடு சேர்த்து ஐம்பது வாட் அளவில் எடுக்கும். எல்இடி இருபது வாட். இன்னும் மாற்றாமல் இருந்தால் மாற்றிவிடுங்கள். கணினிகள் பத்து நிமிடம் சும்மா இருந்தால் உறங்கும்படி உங்கள் தகவல் தொழில்நுட்பப் பிரிவினர் ஒரே மதியத்தில் எல்லாவற்றுக்கும் அமைத்துவிடலாம்.

வாடகைக் கட்டடத்தில் இருப்பதால் வரும் சங்கடத்தையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். மொட்டைமாடி உரிமையாளருடையது, மின்கட்டணம் உங்களுடையது. சூரியமின் தகடு போட்டால் செலவு அவருக்கு, லாபம் உங்களுக்கு. அவர் ஏன் போட வேண்டும்? கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி இடம் தேவை, நம் ஊர் வெயிலில் நாளுக்கு நான்கு யூனிட் வரும் என்ற கணக்கைக் காட்டி, வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் சமயத்தில், கிடைக்கும் மிச்சத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று பேசிப் பாருங்கள். மூன்று மாதத்துக்குள் முடியும் காரியம் அன்று. டீசல் ஜெனரேட்டர் விஷயத்திலும் கட்டட நிர்வாகத்தோடுதான் பேச வேண்டியிருக்கும். ஒரு லிட்டர் டீசல் எரித்தால் மூன்று யூனிட் அளவில் மின்சாரமும் 2.7 கிலோ கரியமில வாயுவும் வரும். மின்வெட்டு நேரத்தில் எல்லா ஏசியையும் ஜெனரேட்டரில் ஓட்டுவதா, பாதியை மட்டும் ஓட்டுவதா என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. அந்த யூனிட் உங்கள் பில்லில் முப்பது ரூபாய் அளவில் ஏறுகிறது.

தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சென்னையில் இருந்துகொண்டு அதை விட முடியாது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தபோது பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்த பல நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னது கணினி பழுதால் அன்று, கழிவறைக்குத் தண்ணீர் இல்லாததால். அலுவலகத்துக்கு ஆள் ஒன்றுக்கு நாளுக்கு 45 லிட்டர் என்பது நம் கட்டட விதிகளில் உள்ள அளவு. உங்கள் தளத்துக்கு 3,600 லிட்டர். இதில் பெரும்பகுதி கழிவறையில் போகிறது. பழைய ஃப்ளஷ் தொட்டி ஒரு முறைக்குப் பத்து லிட்டர் கொட்டும். இரட்டைப் பொத்தான் வகை மூன்றோ ஆறோ லிட்டர் கொட்டும். தொட்டியை மாற்றப் பணம் இல்லையென்றால் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மூடித் தொட்டிக்குள் இறக்கிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிச்சம். கைகழுவும் குழாய்களின் வாயில் ஏரேட்டர் பொருத்துவது குழாய்க்கு நூறு இருநூறு ரூபாய் வேலை. நீரோடு காற்றைக் கலந்து விடுவதால் கை நனையும், தண்ணீர் பாதிக்கும் கீழே போகும்.

ஏசியின் வடிகுழாயைக் கவனித்திருக்கிறீர்களா? சென்னையின் புழுக்கத்தில் ஒன்றரை டன் ஏசி ஒன்று மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் தண்ணீரை வெளியேற்றும். பத்து ஏசி, பத்து மணி நேரம் என்றால் நூறு லிட்டருக்குக் குறையாது. அதை ஒரு டிரம்முக்குத் திருப்பிவிட்டால் தளம் துடைக்கவும் செடிக்கு ஊற்றவும் போதும். யூபிஎஸ் பேட்டரிக்கு ஊற்றலாமா என்று எலக்ட்ரீஷியன்கள் கேட்பதுண்டு. வேண்டாம், சுருளில் உள்ள தூசியும் உலோகமும் அதில் கலந்திருக்கும்.

இனி, தேநீர்க் கோப்பை. எண்பது பேர் நாளுக்கு இரண்டு முறை தேநீர் குடித்தால் மாதம் நான்காயிரம் காகிதக் கோப்பைகளுக்கு மேல் குப்பைக்குப் போகின்றன. பிளாஸ்டிக்கைவிடக் காகிதம் நல்லதுதானே என்று எண்ணித்தான் பலரும் இதற்கு மாறினார்கள். ஆனால் அந்தக் கோப்பையின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. நனைந்த கோப்பையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், தோல் போல உரிந்து வரும். அதனால் அது மக்கவும் மக்காது, பழைய பேப்பர்காரரும் வாங்கமாட்டார். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு அரசு தடைசெய்த பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடையை உறுதிசெய்தது. ஆக, உங்கள் தேநீர் இயந்திரத்தின் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பது சட்டப்படியே இருக்கக் கூடாத பொருள்.

எவர்சில்வர் டம்ளருக்கு மாறுவது எளிது, கழுவுவது யார் என்பதுதான் கேள்வி. ஓர் அலுவலகத்தில் ஆரவாரத்தோடு டம்ளர் வாங்கினார்கள். மூன்றாம் வாரம் காகிதக் கோப்பை திரும்பி வந்துவிட்டது. விசாரித்தால், நாளுக்கு நூற்றறுபது டம்ளர் கழுவும் வேலை, ஏற்கெனவே இரண்டு தளங்களைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரே பெண்ணின் தலையில் விழுந்திருந்தது. அதற்காக ஒரு ரூபாய் கூட்டித் தரவில்லை. நிறுவனம் நற்பெயர் எடுக்க அவர் ஏன் இலவசமாகக் கை தேய வேண்டும்? கோப்பை வாங்கும் செலவு மிச்சமாகிறது. அந்தப் பணத்தை அவருடைய கூடுதல் நேரத்துக்குக் கொடுங்கள், அல்லது அவரவர் டம்ளரை அவரவர் கழுவும் வழக்கத்தை மேலாளரிலிருந்து தொடங்குங்கள். இரண்டாவது வழி மேலாளர் கழுவும் வரைதான் நடக்கும்.

குப்பையிலும் இதே நோய்தான். பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று கூடைகள் வாங்கி வைப்பார்கள்; ஊழியர்களும் சிரத்தையாகப் பிரித்துப் போடுவார்கள்; மாலை ஆறு மணிக்குப் பணியாளர் வந்து மூன்றையும் ஒரே கறுப்புப் பைக்குள் கவிழ்த்துக்கொண்டு போவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கீழ்த்தளத்தில் கட்டட நிர்வாகம் வைத்திருப்பதே ஒரு தொட்டிதான். எனவே கூடை வாங்குவதற்கு முன் குப்பையின் பின்னாலேயே நடந்து போய்ப் பாருங்கள். கீழ்த்தளத் தொட்டி எது, மாநகராட்சி வண்டி எப்போது வருகிறது, காய்ந்த குப்பையை எடுத்துக்கொள்ளும் காயலான் கடை பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று மூன்றையும் தெரிந்துகொண்டு, கடைசிக் கண்ணியிலிருந்து மேலே வாருங்கள். பிரிக்காத குப்பை கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குக்கோ பெருங்குடிக் கிடங்குக்கோ போகும். பெருங்குடிக் கிடங்கு, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அரித்து வளர்ந்தது.

பழைய கணினிகளைப் பற்றி ஒரு சொல். ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் உண்டாக்கும் மாசில் பெரும்பங்கு, அது உங்கள் மேசைக்கு வருவதற்கு முன்பே, தயாரிப்பிலேயே உண்டாகிவிடுகிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் வழக்கத்தை ஐந்தாக்குவது, எந்தச் சிக்கன மாதிரியை வாங்குவதையும்விட மேலானது. ரேமும் எஸ்எஸ்டியும் போட்டால் பெரும்பாலான பழைய கணினிகள் எழுந்து உட்காரும். கழிக்கத்தான் வேண்டுமென்றால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்துச் சான்று வாங்குங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் குறைந்தது ஆயிரம் சாதனங்களைப் பயன்படுத்துபவர்களைத்தான் பெருநுகர்வோர் என்கின்றன. எண்பது பேர் அலுவலகம் அதில் வராமல் போகலாம். அதற்காக எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அங்கே செம்புக்காகக் கம்பியைத் திறந்தவெளியில் கொளுத்துவார்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத இன்னொரு பெரிய கணக்கு, ஊழியர்கள் வந்துபோகும் பயணம். பதினைந்து பேர் தனித்தனிக் காரில் நாளுக்கு முப்பது கிலோமீட்டர் ஓட்டி வருகிறார்கள் என்று வையுங்கள். லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், லிட்டருக்கு 2.3 கிலோ கரியமில வாயு என்றால், ஆண்டுக்கு அவர்கள் மட்டும் 27 டன். உங்கள் மின்சாரக் கணக்கின் மூன்றில் ஒரு பங்கு இது. கிண்டியில் மின்ரயிலும் மெட்ரோவும் பேருந்தும் கூடுகின்றன. அந்த வசதி இல்லாத இடங்களைப் பார்த்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். பெரும்பாலான நிறுவனங்கள் காரில் வருபவருக்கு நிறுத்துமிட வாடகையைத் தாமே கட்டுகின்றன, ரயிலில் வருபவருக்கு ஒன்றும் தருவதில்லை. அதே தொகையை 'நிறுத்துமிடம் அல்லது பயண அட்டை, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்' என்று மாற்றினாலே சிலர் இறங்கிவிடுவார்கள். வாரம் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை என்பதும் உதவும், ஆனால் ஒரு நிபந்தனையோடு: எல்லோரும் ஒரே நாளில் வராமலிருந்து அன்றைக்குத் தளத்தின் ஏசி முழுவதும் நின்றால்தான் பயன் முழுமையாகும். ஆளுக்கொரு நாள் என்றால் காலி நாற்காலிகளையும் சேர்த்துக் குளிர்விப்பீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, பிஎல்டிசி விசிறி இருபதுக்கு அறுபதாயிரம், ஏசிகளைக் கழற்றிக் கழுவிக் கசிவு பார்க்க நாற்பதாயிரம், மேற்குக் கண்ணாடிப் படலத்துக்கு முப்பதாயிரம், டைமர், ஏரேட்டர், டம்ளர், டிரம் எல்லாம் சேர்த்து இருபதாயிரம் என்று நான் ஒதுக்குவேன். மீதி ஐம்பதாயிரத்தைத் தூய்மைப் பணியாளரின் கூடுதல் நேரத்துக்கும் பயண அட்டைக்கும் வைத்துக்கொள்வேன். பசுமைக் கட்டடச் சான்றிதழ் வாங்கலாமா என்று நிர்வாகம் கேட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். ஹைதராபாத்தில் உள்ள, இந்தியத் தொழில் கூட்டமைப்பின் (சிஐஐ) பசுமை வணிக மையம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே பிளாட்டினம் சான்று வாங்கிய கட்டடம், வரைபடத்திலிருந்தே அதற்காகத் திட்டமிடப்பட்டது. வாடகைத் தளத்தில் இருப்பவர் முதலில் பன்னிரண்டு மாத மீட்டர் கணக்கைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

செடிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அறைக் காற்றைச் செடிகள் சுத்தப்படுத்தும் என்ற பேச்சு 1989-இல் நாசா செய்த ஒரு சோதனையிலிருந்து பரவியது. அது காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் நடந்தது. பின்னர் 2019-இல் அத்தகைய சோதனைகளை எல்லாம் சேர்த்து ஆராய்ந்தவர்கள், அலுவலகக் கூடத்தில் சன்னலைத் திறப்பதற்கு இணையான பயன் கிடைக்க ஒரு சதுர மீட்டருக்குப் பத்துச் செடிகளாவது, சில கணக்குகளில் நூற்றுக்கணக்கிலும் தேவைப்படும் என்று கண்டார்கள். பார்க்கப் பிடித்தால் வாங்கி வையுங்கள், மனத்துக்கு இதம்தான். அறிக்கையில் மட்டும் சேர்க்காதீர்கள். டிரம்மில் பிடித்த ஏசித் தண்ணீரை ஊற்றலாம். டிரம்முக்கு மூடி போடுங்கள், தொட்டியின் அடித்தட்டில் தேங்குவதை இரண்டு நாளுக்கு ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள். டெங்குக் கொசு அந்த அளவு தண்ணீரிலேயே முட்டையிடும், மாநகராட்சிச் சுகாதார ஆய்வாளர் வந்து அபராதம் எழுதுவதும் அதற்குத்தான்.